பைக் பாய்ச்சலுக்கு ராம்ப் வைப்பது எப்படி? ஜிடிஏ ஆன்லைனில் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

ராம்ப் ஒன்றை நடுரோட்டில் வைத்து, பைக்கை முழு வேகத்தில் ஏற்றினால் அது பறக்கத்தான் செய்யும். அதற்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. பறந்த பைக் இரண்டு சக்கரங்களும் தரையைத் தொட இறங்க வேண்டும், ஓட்டுபவர் தூக்கி வீசப்படக் கூடாது, வேகம் செத்துப்போகாமல் அடுத்த வளைவை நோக்கிப் போக வேண்டும். நீங்கள் மட்டுமல்ல, அந்தப் பாதையை முதன்முதலாகப் பார்க்கும் ஒருவரும் அப்படிப் போக முடிய வேண்டும். இது ராம்ப் வைக்கும் வரிசையைப் பொறுத்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றும் ராம்பை முதலில் வைத்துவிட்டு, பைக் எங்கே போய் விழுகிறது என்று பிறகு பார்க்கிறார்கள். நான் சொல்லப்போகும் வரிசை நேர்மாறானது. முதலில் இறங்குமிடம், அடுத்து இடைவெளியும் கோணமும், கடைசியில் ஓட்டம் தொடங்கும் இடம்.

எந்தக் கருவியில் வேலை செய்கிறோம்

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 வெளிவந்தது 2013 செப்டம்பரில். ஆட்டக்காரர்களே ரேஸ் அமைத்துக்கொள்ளும் கிரியேட்டர் அதன் ஆன்லைன் பகுதியில் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. 2016 ஜூலையில் 'கன்னிங் ஸ்டன்ட்ஸ்' என்ற இலவசச் சேர்க்கையும், அடுத்த மாதமே ஸ்டன்ட் ரேஸ் கிரியேட்டரும் வந்தன. ராட்சதக் குழாய்கள், வளையங்கள், அந்தரத்தில் தொங்கும் பாதைகள் எல்லாம் அதற்குப் பிறகு கைக்கு வந்தவைதான்.

கேமை இடைநிறுத்தி, ஆன்லைன் பகுதிக்குப் போனால் கிரியேட்டர் இருக்கும். அதில் ஸ்டன்ட் ரேஸைத் தேர்ந்தெடுங்கள். அந்தரப் பாதைகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தரைமேல், இரண்டே ராம்புகளோடு ஒரு பாய்ச்சல் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் நீட்சிதான்.

ராம்ப், தடுப்பு, குழாய் என்று நீங்கள் கொண்டுவந்து வைக்கும் எல்லாப் பொருளுக்கும் ப்ராப் என்று பெயர். வழக்கமாக ஒரு ப்ராப் தரையின் சரிவோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஸ்டாக்கிங், பக்கத்தில் இருப்பதோடு தானாகப் பொருந்த ஸ்னாப்பிங், உயரத்தையும் திசையையும் நாமே நிறுத்த ஓவர்ரைடு என மூன்று வசதிகள் உண்டு. தொடக்கத்தில் ஸ்னாப்பிங்கை அணைத்து வையுங்கள். அது பாதைத் துண்டுகளை இணைக்கும்போது உதவும். தனியாக ஒரு ராம்பை நிறுத்தும்போது நீங்கள் நினைத்த இடத்திலிருந்து அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

கேமை உருவாக்கிய ராக்ஸ்டார் வைத்ததை முதலில் ஓட்டிப் பாருங்கள்

கதைப் பகுதியில் 50 ஸ்டன்ட் ஜம்ப்கள் வரைபடம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இந்த மரபு பழையது. ஜிடிஏ 3-இல் 20, வைஸ் சிட்டியில் 36, சான் ஆண்ட்ரியாஸில் 70. சான் ஆண்ட்ரியாஸ் காலத்தில் ராம்ப் கிடைக்காதவர்கள் பேக்கர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பின்பலகையை ஏற்றி இறக்கிக் கோணம் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் தொடரில் ராம்பை நகர்த்திக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளி அன்றைக்கு இல்லை.

ஜிடிஏ 5-இன் 50-இல் பத்துப் பதினைந்தையாவது சான்செஸ் பைக்கில் ஓட்டுங்கள். பாய்வதற்கு முன் நிறுத்தி, இறங்குமிடத்துக்கு நடந்தே போய் நில்லுங்கள். அங்கே என்ன இருக்கிறது? பல இடங்களில் நீளமான ரோடு, அல்லது கீழ்நோக்கிச் சரியும் மண்மேடு. ஏறும் இடமோ ஒரு மண்குவியல், ஒரு கட்டுமானப் பலகை அளவுக்குச் சாதாரணமாக இருக்கும். வடிவமைத்தவர்களின் உழைப்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது அங்கே நின்று பார்த்தால் விளங்கும்.

படி 1: இறங்குமிடத்தை முதலில் பிடியுங்கள்

மாங்காய்க்குக் கல் எறிகிறவர் கண் காயின்மேல்தான் இருக்கும், கல்லின்மேல் அல்ல. இங்கேயும் அப்படித்தான்.

பயிற்சிக்கு இரண்டு இடங்கள் நல்லவை: லாஸ் சாண்டோஸ் சர்வதேச விமான நிலையத்தின் ஓடுபாதை, சாண்டி ஷோர்ஸ் விமானத் தளம். முதலாவது அகலம், நீளம், சமதளம் எல்லாம் கொண்டது. அங்கிருந்து தொடங்குங்கள். சிலியாட் மலைமேல் ராம்ப் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது பிறகு.

இறங்குமிடத்தில் பார்க்க வேண்டியவை: பைக் தொட்ட பிறகு நிதானமாகச் சமாளிக்கத் தாராளமான நேர்ப்பாதை, இரண்டு பக்கமும் கம்பமோ சுவரோ இல்லாத வெளி, அடுத்த திருப்பம் கண்ணுக்குத் தெரியும் தூரம். இறங்கிய உடனே வளைவு வைப்பது புதிதாக அமைப்பவர்கள் விரும்பிச் செய்யும் கொடுமை. பைக்கின் முன்சக்கரம் தரையில் நிலைகொள்வதற்குள் திருப்பச் சொன்னால் அது சரிந்து விழும்.

அடுத்து, இறக்கும் ராம்ப். சமதளத்தில் நேரடியாக இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். மணிக்கு 108 கி.மீ. வேகத்தில், 30 பாகைக் கோணத்தில் கிளம்பிய பைக், கிளம்பிய அதே உயரத்துக்குத் திரும்பி வரும்போது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி வருகிறது. நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து நேராகக் கீழே போட்டதற்குச் சமம். அதே பைக் கீழ்நோக்கி 30 பாகை சரிந்த ராம்பில் இறங்கினால், அது வரும் திசையும் பரப்பின் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. மோதல் என்று சொல்ல ஏதும் மிஞ்சாது. வேகமும் அப்படியே பைக்கில் தங்கும்.

ஆகவே எளிய விதி இது: ஏற்றும் ராம்பும் இறக்கும் ராம்பும் ஒரே உயரமென்றால், ஒரே வகை ராம்பை எடுத்து 180 பாகை திருப்பி வையுங்கள். கிளம்பும் கோணமும் இறங்கும் கோணமும் ஏறக்குறைய சமம் என்பதால் தனியாக எதையும் கணக்கிட வேண்டாம். இறங்குமிடம் தாழ்வாக இருந்தால் பைக் இன்னும் செங்குத்தாக வரும். அப்போது இறக்கும் ராம்பின் சரிவைக் கூட்ட வேண்டும்.

நிஜ வாழ்க்கையிலும் இப்படித்தான். பைக் சாகசக்காரர் ஈவல் நீவல் 1967 டிசம்பர் 31 அன்று லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸ் நீரூற்றுகளைப் பைக்கில் தாண்டினார். சுமார் 43 மீட்டர். இறக்கும் பக்கத்தில் கொஞ்சம் தூரம் போதவில்லை. ராம்புக்கு முன்னாலிருந்த பாதுகாப்புப் பலகையில் பைக் இடித்தது, அவர் உருண்டு பல எலும்புகள் முறிந்தன. டிராவிஸ் பாஸ்ட்ரானா 2018 ஜூலையில் அதே இடத்தில் அதைவிடச் சற்று அதிகத் தூரம் தாண்டி, இறக்கும் ராம்பின் சரிவிலேயே இறங்கினார். இரண்டு பதிவுகளையும் தேடிப் பாருங்கள், இறங்கும் நொடியை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

படி 2: பைக்கை ஒன்றோடு நிறுத்துங்கள்

பாய்ச்சலை அளப்பதற்குள் பைக் முடிவாகிவிட வேண்டும். சான்செஸ் மண்பாதைக்கான பைக். வேகம் குறைவு, குலுக்கலைத் தாங்கும், காற்றில் மூக்கை ஏற்றி இறக்குவதும் சுலபம். பாட்டி 801 ரோடு பைக். வெகுவேகம், ஆனால் கோணலாக இறங்கினால் மன்னிக்காது. சான்செஸுக்கு அளந்து வைத்த இடைவெளியைப் பாட்டி 801 இறக்கும் ராம்பையே தாண்டிப் போய்க் கடக்கும். பாட்டிக்கு அளந்ததில் சான்செஸ் நடுவழியில் விழும். முதல் பாய்ச்சலுக்குச் சான்செஸ் போதும்.

படி 3: இடைவெளியும் கோணமும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

ஜிடிஏ 5-இல் ஈர்ப்பு விசை நிஜ பூமியை ஒட்டியே இருக்கிறது. அதனால் பள்ளியில் படித்த எறிபொருள் கணக்கு இங்கே தொடக்க மதிப்பீடாக உதவும். ராம்பின் விளிம்பை விடும்போது வேகம் மணிக்கு 72 கி.மீ. என்றால், 15 பாகை ராம்ப் பைக்கைச் சுமார் 20 மீட்டர் கொண்டுபோகும். 20 பாகை 26 மீட்டர், 30 பாகை 35 மீட்டர். வேகம் 108 ஆனால் அதே மூன்று கோணங்களும் முறையே 46, 59, 79 மீட்டர். இவை இரண்டு ராம்பும் ஒரே உயரத்தில் இருக்கும்போது விளிம்பிலிருந்து விளிம்புக்கான தூரம்.

இந்த எண்களில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வேகம் ஒன்றரை மடங்கானதும் தூரம் இரண்டேகால் மடங்காகிவிட்டது. வேகத்தில் பத்து சதவீதம் கூடினாலே தூரம் இருபது சதவீதத்துக்கு மேல் கூடும். 59 மீட்டர் பாய்ச்சல் 71 ஆகிவிடும். ஆகவே இறக்கும் ராம்ப் நீளமாக இருக்க வேண்டும். ஒரே ராம்ப் நீளம் போதாவிட்டால் அதே சரிவில் இன்னொன்றை அதன் கீழ்முனையோடு இணையுங்கள்.

இரண்டாவது, உயரம். 108 கி.மீ. வேகத்தில் 15 பாகைப் பாய்ச்சல் ராம்பின் விளிம்புக்கு மேல் 3 மீட்டர் எழும். 20 பாகை 5 மீட்டர், 30 பாகை 11 மீட்டருக்கு மேல். கோணத்தை 15-லிருந்து 30 ஆக்கினால் தூரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, உயரமோ கிட்டத்தட்ட நான்கு மடங்கு. உயரம் கூடக் கூடக் காற்றில் இருக்கும் நேரம் கூடும், பைக் புரண்டு போக வாய்ப்பும் கூடும். பார்ப்பதற்கு உயரப் பாய்ச்சல் கண்ணைப் பறிக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் ஓட்டுபவரின் கைக்கு இன்பம் தருவது தாழ்வாக, நீளமாக, வேகத்தோடு போகும் பாய்ச்சல்தான் என்பது என் உறுதியான எண்ணம். 15-க்கும் 20-க்கும் இடையில் தொடங்குங்கள்.

ராம்பின் கோணத்தை எப்படி அறிவது? ப்ராப் பட்டியலில் அது எழுதியிருக்காது. ராம்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். உயரம் ஒரு பங்கு, தரையில் அடிநீளம் நான்கு பங்கு என்றால் ஏறத்தாழ 14 பாகை. ஒன்றுக்கு மூன்றென்றால் 18. ஒன்றுக்கு இரண்டென்றால் 27. கண்மதிப்பு இவ்வளவுக்குப் போதும்.

தூரத்தை அளக்க, ப்ராப்பின் இடத்தை ஓவர்ரைடு செய்யும்போது தெரியும் எண்களைப் பயன்படுத்தலாம். கேமின் ஓர் அலகு ஒரு மீட்டர். ஓடுபாதையின் போக்கு கோணலாக இருந்து கழித்தல் கணக்கு தலையைச் சுற்றினால், நீளம் தெரிந்த ஒரே வகைத் தடுப்புகளை வரிசையாக அடுக்கி அளந்து, பிறகு எடுத்துவிடுங்கள்.

முதல் முயற்சியில் கணக்கு சொல்லும் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே இறக்கும் ராம்பை வையுங்கள். நடுவில் வெற்றிடம் விடாமல், இரண்டு ராம்புக்கும் இடையில் ஒரு மேடைபோலச் சமதளப் ப்ராப்களை நிரப்பி வைத்தால் இன்னும் நல்லது. தூரம் போதாமல் விழும் பைக் சுவரில் மோதாமல் மேடையில் இறங்கும். எங்கே இறங்கியது என்ற செய்தியும் உங்களுக்குக் கிடைக்கும். அளவு கைவந்ததும் மேடையை எடுத்துவிடலாம்.

படி 4: ஓட்டத் தூரம்

வெளியிலிருந்து பைக்கைப் பார்த்து ஓட்டும் காட்சியில் வேகமானி கிடையாது. முதல்நபர் பார்வைக்கு மாறினால் பைக்கின் முகப்பில் முள் தெரியும், ஆனால் ராம்பை நெருங்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. நின்ற நிலையிலிருந்து முழு முடுக்கத்தில் கிளம்பும் ஒரே பைக், ஒரே தூரத்தில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே வேகத்தை எட்டும். வேகத்தை நேரடியாகப் பிடிப்பதைவிட ஓட்டத் தூரத்தால் பிடியுங்கள். பாய்ச்சல் குறைந்தால் ஓட்டத்தை நீட்டுங்கள், கூடினால் குறையுங்கள்.

முடுக்கிக்கொண்டே இருப்பதுதான் ஓட்டுபவரின் இயல்பு. "இங்கே கொஞ்சம் மெதுவாக வர வேண்டும்" என்று அமைப்பவர் மனதில் வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. முழு முடுக்கத்தில் வந்தால் சரியாக இறங்கும்படி அமைப்பதே நேர்மை. வேகம் அதிகமாகிறதென்றால் ராம்புக்கு முன் ஒரு வளைவை வைத்து இயல்பாகக் குறையுங்கள்.

படி 5: நேர்கோடு

ராம்பின் திசை ஒரே ஒரு பாகை விலகினால் 60 மீட்டர் தாண்டும்போது பைக் ஒரு மீட்டர் பக்கவாட்டில் விலகியிருக்கும். மூன்று பாகை என்றால் மூன்று மீட்டருக்கு மேல். ஒடுங்கிய ராம்பாக இருந்தால் பைக் அதன் ஓரத்துக்கே போய்விடும்.

கண்ணால் மட்டும் நேர்பார்த்து வைக்காதீர்கள். இறக்கும் ராம்பை நிறுத்தியதும் அதன் திருப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றும் ராம்புக்கு அதிலிருந்து சரியாக 180 மாற்றிக் கொடுங்கள். பிறகு ஓடுபாதையின் நடுக்கோடு இரண்டு ராம்பின் நடுவிலும் போகிறதா என்று மேலிருந்து பாருங்கள். கிரியேட்டரின் கேமராவை நன்றாக உயர்த்தி நேர்க்கீழே பார்த்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஓட்டுபவருக்கும் அந்தக் கோடு தெரிய வேண்டும். ஓட்டப்பாதையின் இருபுறமும் கூம்புகளை நட்டு, ராம்பை நோக்கி மெல்லக் குறுக்கிக்கொண்டு போங்கள். பைக் தானாக நடுவுக்கு வரும்.

படி 6: அடிமுனையும் இணைப்பும்

ராம்பின் அடிமுனை தரைக்குமேல் ஒரு விரற்கடை தூக்கியிருந்தாலும் முன்சக்கரம் அதில் இடித்து, பைக் துள்ளிக்கொண்டே ஏறும். ராம்பைச் சற்றே தரைக்குள் புதைத்துவிடுங்கள். இரண்டு ராம்புகளை இணைக்கும்போதும் அப்படித்தான்: முந்தியது பிந்தியதைவிட ஒரு மயிரிழை உயர்ந்திருக்கலாம், தாழ்ந்திருக்கக் கூடாது.

நேர்ச்சரிவு ராம்பில் முன்சக்கரம் விளிம்பை விட்ட பிறகும் பின்சக்கரம் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் மூக்கு கீழே சாயப் பார்க்கும். கன்ட்ரோலரின் இடது குச்சியைப் பின்னால் இழுத்து ஓட்டுபவர் சமாளித்துக்கொள்ள வேண்டும். மேல்நோக்கி வளைந்த ராம்ப் மூக்கைத் தூக்கிவிடும், நீளப் பாய்ச்சலில் பைக் பின்புறமாகக் கவிழும் அளவுக்குக்கூட. பயிற்சிக்கு நேர்ச்சரிவே நல்லது.

படி 7: ஓட்டிச் சோதித்தல்

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கோணத்தையும் இடைவெளியையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும்.

பைக் ராம்புக்கு முன்னாலேயே விழுகிறதென்றால் இடைவெளியைக் குறையுங்கள். கோணத்தில் கை வைக்காதீர்கள். ராம்பைத் தாண்டிப் போய்ச் சமதளத்தில் அறைகிறதென்றால் இறக்கும் ராம்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். சரியான இடத்தில் இறங்கியும் ஓட்டுபவர் வீசப்படுகிறாரென்றால் தவறு சரிவில் இருக்கிறது. எப்போதும் ஒரே பக்கம் விலகுகிறதென்றால் படி 5-க்குத் திரும்புங்கள். சில சமயம் இடது, சில சமயம் வலது என்றால் ராம்பின் மேல் குற்றமில்லை, ஓட்டம் வளைவுக்கு மிக அருகில் தொடங்குகிறது.

நன்றாக ஓட்டிச் சோதித்தது போதாது. வேண்டுமென்றே மோசமாகவும் ஓட்டுங்கள். முடுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ராம்பின் ஓரத்தில் ஏறி, காற்றில் குச்சியைத் தொடாமல். அப்படியும் பாதிக்குமேல் பிழைத்தால் பாய்ச்சல் தேறிவிட்டது.

செக்பாயின்ட் எங்கே?

நல்ல ராம்புகளையும் பாழாக்கும் இடம் இது. விழுந்தவர் கடைசியாகக் கடந்த செக்பாயின்டிலிருந்து மறுபடி தொடங்குவார். அப்போது பழைய வேகம் கையில் இருக்காது. செக்பாயின்டை ராம்பின் அடியிலேயே வைத்துவிட்டால், ஒருமுறை தவறியவருக்கு அந்தப் பாய்ச்சலைத் தாண்ட வழியே இல்லை. திரும்பிப் பின்னால் போய் ஓடி வர வேண்டும், எதிரே மற்றவர்கள் வந்துகொண்டிருப்பார்கள்.

செக்பாயின்டை முழு ஓட்டத் தூரத்துக்குப் பின்னால் வையுங்கள். அங்கிருந்து நின்ற நிலையில் கிளம்பி, பாய்ந்து, இறங்க முடிகிறதா என்று தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அடுத்த செக்பாயின்ட் இறக்கும் ராம்பின் மேல் வேண்டாம். இறங்கிச் சமாளித்த பிறகு வரும் நேர்ப்பாதையில் வையுங்கள். ராம்பின்மேலேயே வைத்தால், தொட்டுவிட்டு விழுந்தவர் மறுபடி சரிவின் நடுவில் பிறப்பார்.

மற்றவர்களும் ஓட்டும்போது

தனியாகச் சோதித்தபோது துல்லியமாக இருந்த பாய்ச்சல் பத்துப் பேரோடு ஓட்டும்போது மாறிவிடும். முன்னால் போகிறவரின் காற்றுநிழலில் வருபவருக்கு ஸ்லிப்ஸ்ட்ரீமால் வேகம் கூடும். பின்தங்கியவருக்கு உதவும் கேட்ச்-அப் இயங்கினால் அவருக்கும் கூடும். முன்பு பார்த்த கணக்கின்படி சிறு வேகக் கூடுதலும் பெருந்தூரக் கூடுதல். இறக்கும் ராம்ப் நீளமாக இருக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான். அகலமும் வேண்டும்: இரண்டு பேர் அருகருகே பாய்ந்தால் காற்றில் மோதிக்கொள்வார்கள். ஒரே வகை ராம்பை இரண்டு மூன்று வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேல்பரப்பில் படி விழாமல் சமன் செய்யுங்கள்.

வண்டி வகுப்பை மோட்டார்சைக்கிள் என்று நிறுத்தி, கிடைக்கும் பைக்குகளின் பட்டியலில் உங்கள் பாய்ச்சல் தாங்காதவற்றை எடுத்துவிடுங்கள். எஞ்சின் மேம்படுத்திய சொந்த பைக்குகளை அனுமதிப்பது ரேஸை நடத்துபவரின் கையில் இருக்கிறது. ஆகவே சான்செஸுக்கு அமைத்ததென்றால் விவரக்குறிப்பிலேயே "சொந்த பைக் வேண்டாம், கேட்ச்-அப் அணைக்கவும்" என்று எழுதிவிடுங்கள்.

நீங்களே ஒருமுறை முழுதும் ஓட்டிச் சோதித்த பிறகுதான் வெளியிடக் கிரியேட்டர் அனுமதிக்கும். அந்த அனுமதி வந்ததும் வெளியிட்டுவிடாதீர்கள். முதலில் சேமித்து வைத்து, இதுவரை உங்கள் பாதையைப் பார்க்காத ஒரு நண்பரைக் கூப்பிட்டுக் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுங்கள். "இங்கே வேகமாகப் போ, அங்கே நேராகப் பிடி" என்று எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எந்த இடத்தில் தயங்கி முடுக்கத்தை விடுகிறாரோ, அந்த இடத்துக்குத்தான் இன்னும் இரண்டு கூம்புகளும் நீளமான ஓட்டமும் தேவை.